கூட்டாளியின் பங்கு

அபிராமபுரத்தில் பங்கஜம் மாமி வீட்டு மொட்டைமாடி அறைக்குச் சண்முகவேலும் வெள்ளைத்துரையும் குடி வந்தது அறுபத்தொன்பதாம் வருஷம், ஆனி மாசத்து வெயிலில். கொண்டுவந்த சொத்து ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி. மாமி வாசற்படியில் நின்று இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கறி, மீன், முட்டை, பொம்மனாட்டி நாலும் மாடிப்படி ஏறக் கூடாது என்றாள். மெஸ் சாப்பாட்டில் முதல் மூன்றையும் கண்டு வெகுநாளாகியிருந்தது. நாலாவதோடு பேசிப் பழக்கமே இல்லை. எனவே பெரிய தியாகம் செய்கிறவர்களின் முகத்தோடு ஒப்புக்கொண்டார்கள்.

மாமிக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. தினமும் உச்சிவேளைக்கு அவள் மாடிக்கு வருவாள். கைப்பிடிச் சுவரில் ஒரு கவளம் சாதம் வைத்துக் காக்காயைக் கூப்பிடுவாள். காக்காய் வாய் வைத்த பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு. அந்த நேரம் மாடியில் இருப்பவர்கள் சட்டை போட்டிருக்க வேண்டும். கணவர் காலமாகி, ஒரே பிள்ளை பம்பாய்க்குப் போன பிறகு, கூப்பிட்டால் வருகிற சொந்தம் என்று அவளுக்கு மிஞ்சியது காக்காய்கள்தாம்.

சண்முகவேலுக்கு இது புதுசு. விளாத்திகுளத்துக்கு மேற்கே அவன் ஊரில் காக்காயை விரட்டத்தான் ஏற்பாடு செய்வார்கள். இங்கே கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். பட்டணத்து நாகரிகம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

சண்முகவேல் மயிலாப்பூரில் பி.ஏ. வரலாறு படித்தான். பாலிய சிநேகிதன் வெள்ளைத்துரை தி. நகரில் சித்தப்பாவின் ஜவுளிக்கடையில், வாங்கப் போகாத பெண்களுக்குப் புடவை பிரித்துக் காட்டி, அவர்கள் போனதும் மடித்து வைத்தான். இரண்டு உத்தியோகத்தாலும் உலகத்துக்கு ஒரே அளவு பிரயோஜனம்.

மூன்றாவது ஆள் பாண்டுரங்கன். சண்முகவேலின் வகுப்புத் தோழன். கடலோரக் குப்பத்துப் பையன். அப்பாவுக்குக் கட்டுமரம், அம்மா குப்பம்மா மந்தைவெளியில் மீன் விற்றாள். கடலுக்குள் கண்ணைக் கட்டி விட்டாலும் கரை சேருவான்; ஆனால் நிலக்கடலை மண்ணுக்குள் விளைகிறது என்று சொன்னபோது அதெல்லாம் டூப்பு மச்சி என்று சிரித்தவன். அவனுக்கு இவர்கள் ஊர்க் கதை என்றால் உயிர். கடை லீவு நாளில் மாடிக்கு வந்து மல்லாந்து படுத்துக்கொள்வான். இவர்கள் சொல்லச் சொல்லக் கேட்பான்.

கதைக்கா பஞ்சம். தலையாரியின் அரிக்கன் விளக்கைக் கவண்கல்லால் உடைத்தது. கிணற்றில் குளித்த மணியக்காரரின் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடி, அதைக் கோயில் கொடிமரத்தில் ஏற்றியது. பிறத்தியார் புஞ்சையில் கம்மங்கதிர் ஒடித்து ஓடைக்குள் சுட்டுத் தின்றது. இரண்டு பேரும் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் பிடுங்கிச் சொல்வார்கள்.

அப்படித்தான் வெருளியின் கதையும் வந்தது.

வெருளி என்றால் காக்காய் குருவி விரட்ட விளைச்சலுக்கு நடுவே நிற்கிற பொம்மை. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கம்பு, மேலே சோளச்சருகு சுற்றி, செத்துப்போன எவனுடைய சட்டையையோ மாட்டி, தலைக்குக் கரிப்பானையைக் கவிழ்த்து, சுண்ணாம்பில் இரண்டு கண் வைத்தால் ஆள் தயார். புஞ்சையில் களவாடுகிற பயல்களுக்கு அந்த ஊரில் ஒரு சட்டம் உண்டு. களவாடினதைப் பங்கு வைக்கும்போது வெருளிக்கும் சமபங்கு. "கூட்டாளி, உன் பங்கு" என்று அதன் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். காவல்காரனே பங்காளியாகிவிட்டால் காட்டிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? நாட்டு நடப்பைப் பயல்கள் சின்ன வயசிலேயே சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

சட்டத்தில் ஒரு உட்பிரிவும் இருந்தது. அந்தப் பங்கை மனுஷன் தின்னக் கூடாது. தின்றால், தின்றவன் வெருளியின் காவலையும் ஏற்று நிற்க வேண்டும்.

அறுவடை முடிந்தால் வெருளிக்கு வேலை இல்லை. பயல்கள் கம்பெடுத்துக்கொண்டு போய், "வெள்ளாமை வீடு வந்தாச்சு, நீ காடு போ" என்று சொல்லி அதை அடித்து நொறுக்குவார்கள். வருஷம் முழுக்க அடி வாங்குகிற வயசில், அடி கொடுக்கக் கிடைத்த ஒரே ஆள். வெள்ளைத்துரை மாமியின் துணி உலர்த்தும் மூங்கில் கழியை எடுத்து அடிக்கிற அடியை நடித்தே காட்டினான். முதல் அடி எப்போதும் சம்முகம் அடிக்கிறதுதான் என்றான். கை முறிகிறது, வயிறு பிரிகிறது, பானை மண்டை சிதறுகிறது. பாண்டுரங்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.

நிலாவில் மனுஷன் காலை வைத்த சேதி வந்த வாரம் அது. நாமும் ஏதாவது சாதிக்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் தோன்றியது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பங்களாத் தோட்டத்தில் நீலம் மாங்காய் காய்த்துத் தொங்கியது. பங்களா முழுக்கத் தூங்குகிற மத்தியான நேரம் பார்த்துச் சுவரேறிக் குதித்தார்கள். நாய் குரைத்தது, காவலாள் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு துரத்தினான், வெள்ளைத்துரையின் வேட்டி முள்கம்பியில் கிழிந்தது. ஊரை விட்டு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவர்கள் இருந்ததே இல்லை.

மாடிக்கு வந்து பங்கு வைத்தார்கள். வெள்ளைத்துரையின் கை, பழக்க தோஷத்தில், மூன்றுக்குப் பதில் நாலு குவியல் வைத்தது. அதைப் பார்த்து அவனே சிரித்தான். நாலாவது குவியலைக் கைப்பிடிச் சுவரில், மாமி சாதம் வைக்கிற அதே இடத்தில் வைத்து, "கூட்டாளி, உன் பங்கு" என்றான். பிறகு அவனும் சண்முகவேலும் உப்பும் மிளகாய்ப்பொடியும் வாங்கக் கடைக்குப் போனார்கள்.

திரும்பி வந்தபோது நாலாவது பங்கு இல்லை. அணில் கொண்டுபோயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பாண்டுரங்கன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் மாடி முழுக்கக் காக்காய்கள் கிடந்தன.

எல்லாம் செத்தவை. ஒவ்வொன்றின் கழுத்தும் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கியிருந்தது. சிறகுகளை யாரோ விரித்து, பிரித்து, தரையோடு தரையாக அழுத்தியிருந்தார்கள். வெயிலில் ரத்தம் காய்ந்து கருங்கோடாக ஓடியிருந்தது. ஆனால் அடித்த வாடை ரத்த வாடை இல்லை. மழையில் நனைந்த சோளச்சருகின் வாடை. சென்னையில் மழை பெய்து வெகுநாளாகியிருந்தது.

மாமி வருவதற்குள் எல்லாவற்றையும் தலையணை உறையில் அள்ளிக் கட்டினார்கள். சண்முகவேல் அதை அடையாற்றில் போட்டுவிட்டு வந்தான். உச்சிவேளைக்கு மாமி வந்து கூப்பிட்டாள். தெருவில் ஒரு காக்காய்கூடக் குரல் கொடுக்கவில்லை.

"ஏண்டா அம்பி, ஒண்ணையும் காணலியே," என்றாள். சண்முகவேல், நிலாவில் ராக்கெட் விட்டதால் பறவைகளுக்குத் திசை தப்பிவிட்டதாம் என்றான். மாமி நம்பினாள். ஆனால் சாப்பிடவில்லை. காக்காய் தொடாத சாதத்தை அவள் தொடமாட்டாள். ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து, படியேறத் தெம்பில்லை என்று, முற்றத்திலிருந்தே கூப்பிட்டாள்; அன்றும் மோர்தான். அதற்கு மறுநாளும்.

அந்த வாரமே பங்களாவின் காவலாள், மாங்காய்த் திருடர்களை எப்படியோ விசாரித்து, வீடு தேடி வந்தான். அறையில் பாண்டுரங்கன் மட்டும் இருந்த நேரம். சண்முகவேல் காலேஜிலிருந்து வந்தபோது காவலாள் மாடிப்படியின் அடியில் கிடந்தான். இரண்டு கைகளும் தோள்பட்டையிலிருந்து பின்பக்கமாகத் திரும்பியிருந்தன. தாடை உடைந்து தொங்கியது. உயிர் இருந்தது, கத்த முடியவில்லை. சண்முகவேல் அவன் வாய்க்குள் விரலை விட்டு இழுத்தான்.

சருகு வந்தது.

இழுக்க இழுக்க வந்தது.

ஆஸ்பத்திரியில் காவலாள் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினான். குடித்துவிட்டுப் படியில் உருண்டிருக்கிறான் என்று போலீஸ் முடித்துக்கொண்டது. அவன் வாழ்நாளில் குடித்ததில்லை என்று அவன் பெண்டாட்டி சொன்னதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

சண்முகவேல் மாடிக்குப் போனான். பாண்டுரங்கன் கைப்பிடிச் சுவர் ஓரமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தான். கொஞ்ச நாளாகவே அவன் வகுப்புக்கு வருவதில்லை, காலையில் நேரே இங்கேதான் வருகிறான் என்பது அப்போதுதான் இவனுக்கு உறைத்தது. அன்றைக்கு அந்த மாங்காயை யார் எடுத்தது என்று கேட்டான்.

"நான்தான் துன்னேன். பசி. இன்னா இப்போ, பொம்மை வந்து கேக்கப் போவுதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகும் வாய் அப்படியே இருந்தது. கண் இமைக்கவில்லை. கறுப்பு விழி சுருங்கிச் சுருங்கி, சுண்ணாம்புப் பொட்டு வைத்த மாதிரி வெள்ளையாக இரண்டு வட்டம் மட்டும் தெரிந்தன. உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியிருந்தான்.

வெள்ளைத்துரை கடையிலிருந்து வந்ததும் சண்முகவேல் அவனைத் தெருமுனைக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னான். துரைக்குப் பயம்தான். ஆனால் யோசிக்கத் தெரிந்தவன். பங்கைத் தின்றவன் காவல் நிற்கிறான். காவல் முடிய ஒரே வழி அடிப்பதுதான். அது நமக்குத் தெரிந்த வேலை என்றான்.

"அது பாண்டுலே," என்றான் சண்முகவேல்.

"பாண்டுவுந்தான், வெருளியுந்தான்."

அடிக்க விடமாட்டேன் என்று சண்முகவேல் சொல்லிவிட்டான். வேறு வழி பார்க்கலாம் என்று பாண்டுரங்கனைக் கையைப் பிடித்துக் குப்பத்துக்கே கொண்டுபோய் விட்டான். எதிர்க்காமல் வந்தான். கை கட்டை மாதிரி இருந்தது. குப்பம்மா மகனைப் பார்த்து, வெயில்ல சுத்திக்கினு இருந்தா இப்படித்தான் ஆவும் நைனா என்று தலையில் நல்லெண்ணெய் வைத்தாள். எண்ணெய் உள்ளே இறங்கவில்லை. பானையில் ஊற்றின மாதிரி வழிந்தது.

மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான் சண்முகவேல். மறுநாள் பூட்டைத் திறந்தால் பாண்டுரங்கன் உள்ளே, வெயிலில், கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

ஆடி அமாவாசை வந்தது.

வெறும் மோரில் மாமி பாதியாக இளைத்திருந்தாள். இன்றைக்கு அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடப்போகிறேன், காக்காய் வந்து தொடுகிற வரைக்கும் மாடியை விட்டு இறங்கமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். அவளைத் தடுக்கச் சண்முகவேல் சொல்லாத பொய் இல்லை. மாடியில் தேள் என்றான், பாம்பு என்றான், அம்மை போட்டிருக்கிறது என்றான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமி வாழைக்காய் நறுக்கப் போனாள்.

அந்த இடத்தில் நின்று காக்காயைக் கூப்பிடுகிறவளை வெருளி என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

உச்சிவேளை. வெயிலில் சுவரெல்லாம் வெள்ளையாகக் கூசியது. சண்முகவேல் படியேறி ஓடியபோது வெள்ளைத்துரை அங்கே ஏற்கனவே நின்றான். கடைக்குப் போகவில்லை. கையில் மூங்கில் கழி.

"வேண்டாம்லே துரை."

துரை திரும்பவில்லை. பாண்டுரங்கன்தான் திரும்பினான். உடம்பு திரும்பவில்லை, தலை மட்டும்.

"சம்முகம்," என்றான்.

குரல் அவனுடையதுதான். பேச்சு அவனுடையது இல்லை. நிலக்கடலை மண்ணுக்குள் விளையும் என்று தெரியாதவனின் வாயிலிருந்து கரிசல்காட்டுப் பேச்சு சன்னமாக வந்தது.

"நீங்க வரப்பு தாண்டி வருதப்பவே நான் பாத்துருவேன். கம்மங்கதிர ஒடிப்பிய. எனக்கும் வைப்பிய. தலையாரி வந்து என் முன்னாலதான் நின்னு தேடுவான். நான் ஒரு நாளாச்சும் சொன்னேனா?"

சண்முகவேல் படி வாசலை விட்டு ஒரு எட்டு உள்ளே வந்தான்.

"மழையில நின்னேன். வெயில்ல நின்னேன். நீங்க எப்ப வருவியன்னு பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் கம்போட வந்திய." தலை துரையின் பக்கமும் ஒரு தடவை திரும்பியது. "ஏம்ல அடிச்சிய?"

"வெள்ளாமை வீடு வந்தாச்சு, நீ காடு போ," என்று வெள்ளைத்துரை ஓங்கி அடித்தான்.

பாண்டுரங்கனின் இடது கை முழங்கைக்கு மேலே முறிந்தது. எலும்பு முறிகிற சத்தம் இல்லை. காய்ந்த சோளத்தட்டை முறிகிற சத்தம். ரத்தம் வரவில்லை. கை தோலில் தொங்கி ஆடியது. துரை மறுபடி ஓங்கினான். இந்தத் தடவை பாண்டுரங்கனின் வலது கை கழியைப் பிடித்துக்கொண்டது.

ஒரு பறவையைப் பிடிப்பது மாதிரித்தான் வெள்ளைத்துரையைப் பிடித்தான். கழி கீழே விழுந்தது. ஒற்றைக் கை அவன் தாடைக்குக் கீழே போய், ஒரே ஒரு திருகு திருகியது. துரையின் முகம் முதுகுப் பக்கம் வந்தது. அந்த முகத்தில் பயம்கூட இல்லை. வெருளி நம்மைத் திருப்பி அடிக்கும் என்று எதிர்பாராதவனின் ஆச்சரியம் மட்டும் இருந்தது.

பாண்டுரங்கன் அவனைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கி வீசினான்.

கீழே துணி துவைக்கிற கல்லில் அவன் மண்டை மோதின சத்தம், பானை உடைகிற மாதிரி கேட்டது.

அதே நேரத்தில் மாடி வாசலில் பங்கஜம் மாமி. கையில் வாழையிலைக் கிழிசலில் சாதம், எள், வாழைக்காய்க் கறி. வெயிலில் கண் கூசி அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஏதோ விழுந்துதே என்று கேட்டுக்கொண்டே சுவரைத் தடவி வந்து, வழக்கமான இடத்தில் சாதத்தை வைத்தாள்.

"கா... கா..."

பாண்டுரங்கனின் தலை அவள் பக்கம் திரும்பியது. கழியைக் குனிந்து எடுத்தான்.

"கா... கா... வாங்கோன்னா. பசிக்கறது. வாங்கோ..."

அவன் நடந்து வரவில்லை. நட்டு வைத்த கம்பைப் பிடுங்கிப் பிடுங்கி நடுகிற மாதிரி, ஒவ்வொரு குத்தாகக் கிட்டே வந்தான்.

சண்முகவேலின் காலடியில் ஒரு செங்கல் கிடந்தது. எடுத்து அந்த மண்டையில் போட்டிருக்கலாம். முதல் அடி எப்போதும் அவனுடையதுதான். தப்பவே தப்பாது. குனிந்தும்விட்டான். குனிந்தபோது கண்ணில் பட்டது பாண்டுரங்கனின் பாதம். குப்பத்துப் பையனின் பாதம். விரலிடுக்கில் கடல் மணல் ஒட்டியிருந்தது.

செங்கல்லை எடுக்காமல் ஓடிப்போய் மாமிக்கு முன்னால் நின்றான். அவளை முழுக்க மறைக்க இரண்டு கைகளையும் அகல விரித்தான்.

கழி இறங்கியது. தோளில் காறை எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சண்முகவேல் கையை இறக்கவில்லை.

"கூட்டாளி," என்றான். வலியில் பல் கிட்டித்தது. "அவன் தெரியாமத் தின்னுட்டான். அவனை விட்டுரு. இனிமே நான் நிக்கேன்."

கழி இன்னொரு தடவை மேலே போய், அங்கேயே நின்றது.

சருகு வாடை சண்முகவேலின் முகத்தில் வந்து மோதியது. மூக்கில் ஏறியது. தொண்டையில் இறங்கியது. எதிரே பாண்டுரங்கனின் கண்ணில் கறுப்பு விழி மெல்ல மெல்ல விரிந்தது. அவன் முறிந்த கையைப் பார்த்தான். அப்போதுதான் அதிலிருந்து ரத்தம் வந்தது.

"யம்மா, கை," என்று அலறிக்கொண்டு விழுந்தான்.

அன்றைக்கும் காக்காய் வரவில்லை. மாமி சாதத்தை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய், துவைக்கிற கல்லடியில் கிடந்த துரையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெள்ளைத்துரை துணி எடுக்கப் போன இடத்தில் கால் தவறி விழுந்தான். பிடிக்கப் போன இரண்டு சிநேகிதர்களுக்கும் அடி. சண்முகவேல் இப்படித்தான் போலீசிடம் சொன்னான். ஊரிலிருந்து வந்த துரையின் அப்பாவிடமும் இதையே சொன்னான். ஆஸ்பத்திரியில் கண் விழித்த பாண்டுரங்கனிடமும் சொன்னான். பாண்டுரங்கனுக்கு மாங்காய் தின்றது வரைக்கும்தான் நினைவிருந்தது. துரையைப் பிடிக்கப் போய்த்தான் கை போச்சு என்று நம்பினான். அந்த நம்பிக்கையோடு அவன் பிழைத்துக் கிடக்கட்டும் என்பதுதான் சண்முகவேலின் எண்ணம்.

மாமியைப் பிள்ளை வந்து பம்பாய்க்கு அழைத்துப் போனான். அங்கே ஜன்னலிலேயே காக்காய் வந்து தின்கிறது, உடம்பு தேறிவிட்டது என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

ஒரு சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், சண்முகவேல் தோளில் கட்டோடு பாண்டுரங்கனின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். குப்பம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். வார்டில் டெட்டால் வாடை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இலை அசையாமல் நின்றது. பாண்டுரங்கன் வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"துரை இல்லாம ஒரு மாதிரி கீது மச்சி. அவன் கதை எதுனா சொல்லு. நீங்கோ பொடிப்பசங்களா இருந்தப்போ."

சொல்லலாம் என்றுதான் சண்முகவேலுக்கும் தோன்றியது. துரைக்கு அதைவிட நல்ல அஞ்சலி இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மேற்குப் புஞ்சையில் அறுவடை முடிஞ்ச அன்னைக்கு, என்று ஆரம்பித்தான். கண்ணை மூடி அந்தச் சாயங்காலத்தை நினைவுக்குக் கொண்டுவந்தான். வந்தது. தாள் அறுத்த வெறுங்காடு. கரிசல் வெடிப்பு. தாழ இறங்கின வெயில்.

தூரத்தில், வரப்பு தாண்டி, பயல்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

அவனைப் பார்த்து வந்தார்கள்.

ஆளுக்கொரு கம்பு வைத்திருந்தார்கள். நடுவில் துரை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சண்முகவேல் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. ஓடப் பார்த்தான். கால் ஒன்றுதான் இருந்தது. அது மண்ணுக்குள் இருந்தது.

எல்லாருக்கும் முன்னால் ஒருவன் ஓடி வந்தான். மீசை அரும்பாத முகம். அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். எதிரே வந்து பார்த்ததில்லை. தான் இவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவனுக்குத் தெரியாது.

"அப்பால?" என்றான் பாண்டுரங்கன், எங்கோ ரொம்பத் தூரத்திலிருந்து.

பையன் கம்பை ஓங்கினான்.